ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு டைவர் வாட்ச்

குன்னூரில் இருப்பவனுக்குக் கடலோடு என்ன வேலை? மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை தாண்டி, இன்னும் ஐந்தாறு மணி நேரம் ஓடினால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். எங்கள் வயதுக்காரர்களில் நீச்சல் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஊர்த் தண்ணீரில் இறங்க யாருக்கு மனசு வரும்? ஆகவே, 200 மீட்டர் ஆழம் தாங்கும் டைவர் வாட்ச் ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும், காலை நடை நண்பர்கள் "எங்கே, சிம்ஸ் பார்க் குளத்திலா சார்?" என்று கேட்டதில் தப்பே இல்லை.

என்னிடம் ஏற்கெனவே ஒன்பது வாட்ச் இருக்கிறது. சேகரிப்பு என்பது பெரிய வார்த்தை. பழைய பிஸ்கட் டப்பாவில் வெள்ளைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். 1975-இல் டீ பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா அதில் மூத்தது. 17 கல், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்தது நம் தலைமுறைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கையில் ஜனதாவோ சோனாவோ இல்லாவிட்டால் பேச்சு வந்த காலம். 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவையே மூடிவிட அரசாங்கம் முடிவெடுத்தபோது, பேப்பரைப் படித்துவிட்டு அன்றைக்கு ஜனதாவுக்கு இரண்டு தரம் சாவி கொடுத்தேன்.

இன்னொன்று அப்பாவுடையது, ஃபாவ்ர் லூபா சீ கிங். உங்களில் பலர் வீட்டுப் பீரோவில் ஒரு சீ கிங்கோ சீ சீஃபோ தூங்கிக்கொண்டிருக்கும். பெயரில் கடல் இருந்தாலும் அது தண்ணீருக்குள் போகிற வாட்ச் இல்லை. அப்பா கை கழுவும்போதே கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேடிக்கை என்னவென்றால் அதே சுவிஸ் கம்பெனி 1960-களில் மலையேறுகிறவர்களுக்காக உயரம் காட்டும் பைவாக் என்ற வாட்ச்சையும், முக்குளிப்பவர்களுக்காக ஆழம் காட்டும் பாத்தி என்ற வாட்ச்சையும் செய்தது. நம் ஊருக்கு முதலாவதல்லவா பொருத்தம்! விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

சரி, பத்தாவதாக ஏன் டைவர் வாட்ச்? "டப்பால இருக்கறதுக்கே வருசத்துக்கு ஒருக்கா வெளிச்சம் காட்டறீங்க, இன்னொண்ணு எதுக்குங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் என் காதில் இருக்கிறது.

37 வருடம் சி.டி.சி. ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அந்த இரைச்சல் கேட்டவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றபோது மெல்லிய சத்தங்கள் போய்விட்டிருந்தன. இப்போது செல்போன் அலாரமும் போய்விட்டது. காது மெஷின் இருக்கிறது, ஆனால் வீட்டில் நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டிருக்க முடிவதில்லை. என் மனைவிக்கு நாலு வருடமாக இன்சுலின். ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்பது டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்த மருந்துக்கான கணக்கு. (வேறு வகை இன்சுலினுக்குக் கணக்கு வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.) சென்ற ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி ஊசி போட்ட கையோடு சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார்கள். முன்னறையில் பேச்சு நீண்டது. சமையலறையில் போன் அடித்தது யாருக்கும் எட்டவில்லை. பேசிக்கொண்டிருந்தவளுக்கு வியர்த்து, கை நடுங்கி, வார்த்தை குழற ஆரம்பித்தது. பத்திரிகை கொண்டுவந்த அம்மாள்தான் சட்டென்று புரிந்துகொண்டு சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். ஆனால் அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

காதால் கேட்கும் அலாரம் உதவாது, கண்ணால் பார்க்கும் அலாரம் வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்போதுதான் டைவர் வாட்ச்சின் வளையம் ஞாபகத்துக்கு வந்தது.

டயலைச் சுற்றி 60 நிமிடம் குறித்த ஒரு திருகு வளையம் இருக்கும். பெசல் என்பார்கள். அதில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம். தண்ணீருக்குள் இறங்கும்போது அந்த முக்கோணத்தைத் திருப்பி நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட வேண்டும். பிறகு எப்போது பார்த்தாலும், நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்று அர்த்தம். கூட்டல் கழித்தல் கிடையாது. முதுகில் கட்டிய சிலிண்டரில் எவ்வளவு நேரத்துக்குக் காற்று என்பது உயிர்ப் பிரச்சினை அல்லவா, அதற்காக வந்தது இது. 1953-இல் பிளாங்பான் கம்பெனி ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்று ஒன்றை பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காகக் கொண்டுவந்தது. ஃபாதம் என்பது நம் மீனவர்கள் சொல்லும் பாகம், இரண்டு கையையும் விரித்த அளவு, ஆறடி. ஐம்பது பாகம் என்றால் சுமார் 91 மீட்டர். தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள் எந்தக் கடிகாரமும் இல்லாமல், இடுப்பில் கயிறும் நெஞ்சில் மூச்சுமாக, பாகக் கணக்கில் இறங்கி ஏறியவர்கள். அவர்களுக்கு நேரம் பார்த்தது மூச்சும், மேலே படகில் கயிற்றைப் பிடித்திருந்தவரின் கையும்தான்.

அந்த வளையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அது இடப்பக்கமாக மட்டுமே சுற்றும். வலப்பக்கம் திருப்பினால் நகராது. ஏன் தெரியுமா? தண்ணீருக்குள் பாறையில் இடித்து வளையம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால், கழிந்த நேரத்தை அது கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. 20 நிமிடம் ஆகியிருந்தால் 25 என்று காட்டும். முக்குளிப்பவர் ஐந்து நிமிடம் முன்னதாக மேலே வந்துவிடுவார், உயிருக்கு ஆபத்தில்லை. இதை இன்சுலினுக்குப் பொருத்திப் பாருங்கள். வளையம் எங்காவது இடித்து நகர்ந்தாலும், அரை மணி ஆகிவிட்டது என்று சற்று முன்னதாகவே சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். சற்று முன்னால் சாப்பிடுவதைவிடத் தாமதமாகச் சாப்பிடுவதுதான் அவளுக்கு ஆபத்து. கடலுக்காக யோசித்தவர்கள் எங்கள் சமையலறைக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

பேக்டரியில் இப்படி ஒன்று இருந்திருக்கலாம். பெர்மென்டிங்கில் ஒவ்வொரு லாட்டும் எத்தனை மணிக்கு விழுந்தது என்று சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்போம். குளிர் நாளில் நேரம் கூடும், வெயில் நாளில் குறையும். ஈரக் கை பட்டு சிலேட் அழிந்துவிட்டால் டீ மேக்கர் மோந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகவே சொல்வார், அது வேறு கதை.

வளையத்துக்கு அடுத்தபடி மூடுபனி. நம் ஊரில் வாட்ச்சுக்கு எதிரி மழையைவிட இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மூட்டம் போட்டால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படர்ந்து முள் தெரியாமல் போகும். மார்க்கெட்டில் முன்பு வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் அதைத் திறந்து, டேபிள் விளக்கின் கீழே அரை மணி வைத்து மூடித் தருவார். "ஈரத்தை உள்ளே போட்டு மூடினா அது உள்ளேயேதான் சார் இருக்கும். செல் மாத்தணும்னா தை மாசம் கொண்டாங்க" என்பார். எவ்வளவு சரியான பேச்சு! தையில் உறைபனி விழும் நாட்களில் காற்று காய்ந்திருக்கும். அப்போது திறந்து மூடினால் உள்ளே போவதும் காய்ந்த காற்றுதான்.

டைவர் வாட்ச்சில் பின்மூடி திருகி இறுகும், சாவிக் குமிழும் திருகி உள்ளே அமரும், இடையில் ரப்பர் வாஷர்கள். சாதாரண வாட்ச்சில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் குளத்தில் இறங்காதீர்கள். அது கை கழுவும் தண்ணீருக்கும் சாரலுக்கும் மட்டும். ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தர விதிப்படி செய்தால்தான் டைவர்ஸ் என்று எழுதிக்கொள்ளலாம். குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதியிருப்பதைவிட 25 சதவீதம் அதிக அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தாலும் மணி தெரிய வேண்டும். ஆனால் 200 மீட்டர் வாட்ச்சே ஆனாலும் வெந்நீர்க் குளியலுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி வாஷர் தளர்ந்துவிடும். கடலில் பிழைத்தது குன்னூர் குளியலறையில் கெட்டுப்போகும்.

இனி எது என்ற கேள்வி. பி.எஃப். பென்ஷனின் கீழ்வரம்பை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். என்னுடையது அதற்குச் சற்று மேலே. அதனால் ரோலெக்ஸ் சப்மரீனரைப் படத்தில் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மலிவு டைவருக்கு இலக்கணம் என்று எல்லோரும் சொல்லும் சீக்கோ எஸ்.கே.எக்ஸ். 007, 1996-இல் வந்து 2019-இல் நின்றுவிட்டது. இன்று விற்பவர்கள் அதைப் பழம்பொருள் விலைக்குத்தான் விற்கிறார்கள். மிச்சம் என் கணக்கில் மூன்று.

சிட்டிசன் ப்ரோமாஸ்டர் ஆட்டோமேட்டிக்கில் சாவிக் குமிழ் 8 மணிப் பக்கம் இருப்பதால் மணிக்கட்டில் குத்தாது. அழகான வாட்ச்தான். ஆனால் ஆட்டோமேட்டிக் என்றால் கையில் கட்டி நடமாட வேண்டும், டப்பாவில் இரண்டு நாள் கிடந்தால் நின்றுவிடும். நின்ற வாட்ச்சை நம்பி ஊசி போட முடியாது. இரண்டாவது, அதே கம்பெனியின் வெளிச்சத்தில் ஓடும் ஈக்கோ டிரைவ் டைவர். செல் மாற்றும் வேலை இல்லை, அதற்காகப் பின்மூடியைத் திறக்கவும் வேண்டாம். ஒருமுறை நிறைய வெளிச்சம் குடித்துவிட்டால் இருட்டிலேயே ஆறு மாதம் ஓடும், நம் மூட்டம் அதை ஒன்றும் செய்யாது. மூன்றில் நம் மலைக்கு ஏற்றது அதுதான் என்பது என் கட்சி. கையில் காசு இருப்பவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம்.

நான் வாங்கியது மூன்றாவதை, கேசியோ டியூரோ. செல்லில் ஓடுவது, 200 மீட்டர். பில் கேட்ஸ் கையில் இதைத்தான் பார்த்ததாகப் பத்திரிகைகளில் எழுதினார்கள். எனக்கும் அவருக்கும் ஒற்றுமை அத்தோடு சரி. டயலில் டைவர்ஸ் என்ற சொல் கிடையாது, வாட்டர் ரெசிஸ்ட் என்று மட்டும்தான் இருக்கும். முள்ளில் பூசிய ஒளி நடுராத்திரிக்குள் மங்கிவிடும், கண்ணாடியும் சாதாரண ரகம். ஆனால் விலை நான்கு இலக்கம், மற்ற இரண்டும் ஐந்து இலக்கம். எனக்கு வேண்டியது ராத்திரி ஏழரை மணிக்கு அரை மணி நேரம். அதற்கு இது போதும்.

கோவையில் கடைக்குப் போனபோது ஈரக் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். விரலை அதில் ஒற்றிவிட்டு ஒவ்வொரு வளையமாகத் திருப்பிப் பார்த்தேன். காலைக் குளிரில் மரத்துப்போன கிழட்டு விரலுக்கு எது வழுக்காமல் பிடி கொடுக்கிறது என்று தெரிய வேண்டுமே. வளையம் ஒரு சுற்றுக்கு 120 தரம் கிளிக் என்று அமரும். சத்தம் எனக்குக் கேட்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது. முக்கோணம் 12-க்கு நேராக நிற்கிறதா, வளையம் ஆடுகிறதா, மூக்குக்கண்ணாடி இல்லாமல் எண் தெரிகிறதா என்றும் பார்த்தேன். விற்பனைப் பையன் பொறுமைசாலி. "எங்க சார் டைவிங் போறீங்க?" என்றான். "சமையலறைக்குப்பா" என்றேன்.

வாங்கி ஏழு மாதம் ஆகிறது. முதல் வாரம் என் கையில் இருந்தது. ஊசி போட்டதும் அவள் வந்து கையை நீட்டச் சொல்லி, வளையத்தைத் தானே திருப்பிவிட்டுப் போவாள். பிறகு ஒவ்வொரு தரமும் என்னைத் தேட வேண்டியிருக்கிறது என்று கழற்றி வாங்கிக்கொண்டாள். அவள் மணிக்கட்டுக்கு அது வளையல் மாதிரி தொங்கியது. இப்போது பிரிட்ஜுக்குப் பக்கத்தில், அடுப்பிலிருந்து நேராகக் கண்ணில் படும் ஆணியில் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும், எந்தப் பேச்சு நடந்தாலும், முள் 30-ஐத் தொட்டால் தட்டு வைத்துவிடுகிறாள். என் கையில் பழையபடி ஜனதாதான். சேகரிப்பு நோட்டில் பத்து என்று நம்பர் போட்டு இடம் விட்டிருக்கிறேன், இன்னும் எழுதவில்லை. செல் மாற்ற வேண்டி வந்தால் தை மாதம்தான். பாய் கடையை மூடிவிட்டார், நல்ல ரிப்பேர்காரர் யாராவது ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இருந்தால் சொல்லுங்கள்.