குழாயில் விழுந்த விரிசல்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் வேதியியல்

கீரையின் நிறம் என்ன என்று யாரைக் கேட்டாலும் பச்சை என்பார்கள். அந்தப் பச்சைக்குள் மஞ்சளும் ஒளிந்திருப்பதைச் சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணால் கண்டிருக்க வேண்டும். முதல்முறை எனக்கு அது கிட்டவில்லை. ஏன் கிட்டவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

செய்முறை எளிது. பசலைக் கீரையை அசிட்டோனில் அரைத்து, நிறத்தைப் பெட்ரோலியம் ஈதருக்கு மாற்ற வேண்டும். பியூரெட்டின் அடியில் பஞ்சு வைத்து, அலுமினாத் தூளை ஈதரில் குழைத்துச் சிறிது சிறிதாக ஊற்றி, ரப்பர்க் குழாயால் பக்கவாட்டில் மெல்லத் தட்டிப் படியவிட வேண்டும். அதன்மேல் கீரைச் சாற்றை விட்டு ஈதரை ஊற்றி வந்தால், தூளில் அதிகம் ஒட்டாத காரோட்டீன் மஞ்சள் வளையமாக முந்தி இறங்கும். நன்கு ஒட்டும் பச்சையம் பின்தங்கும். இதுவே வண்ணப்பிரிகை.

எனக்கோ நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். அதை விட்டால் எங்கள் ஊருக்கு அடுத்தது ஆறரைக்குத்தான். பொறுமையின்றித் தூளை உலர்ந்தபடியே கொட்டி, மேலே ஈதரை ஊற்றினேன். உள்ளே குமிழிகள் எழுந்தன; குறுக்கே ஒரு விரிசல் விழுந்தது. பார்த்தும் பாராதவள்போல் சாற்றை விட்டேன். மஞ்சள் ஒரு பக்கமாகக் கோணலாக ஓடியது; பச்சையும் விரிசல் வழியே அதனோடு சேர்ந்து இறங்கியது.

"கீரை வாடிப்போயிருந்தது ஐயா" என்றேன். கீரை வாங்கி வந்தவள் என் தோழி. அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள். ஆசிரியர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தூளை எப்படிப் போட்டாயம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் நூலகத்தில் பதிலைத் தேடினேன். இம்முறையை உலகுக்குத் தந்தவர் மிகயில் ட்ஸ்வெட் என்ற உருசியத் தாவரவியலார். 1903இல் வார்சாவில் இதுபற்றி உரையாற்றினார். 1906இல் இதற்குப் பெயரும் சூட்டினார். இலை நிறங்களைப் பிரிக்க அவர் குழாயில் அடைத்தது கால்சியம் கார்பனேட் தூள்.

தூள் சீராகப் படியாவிட்டால் கரைப்பான் ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் தயங்கியும் செல்கிறது. ஒரே இன மூலக்கூறுகள் ஒன்றாகப் புறப்பட்டும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. வளையம் அகலுகிறது, அகன்ற வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. துகள் சிறுத்தால் பாதைகளுக்குள் வேற்றுமை குறையும். துகள் சிறியதாகவும் அழுத்தம் மிகுந்தும் இருந்தால் பிரிப்பு சிறக்கும் என்று மார்ட்டினும் சிஞ்சும் 1941இலேயே எழுதினர். 1952இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இதற்கு விலையும் உண்டு. துகளின் அளவைப் பாதியாக்கினால், அதே வேகத்தில் கரைப்பானைச் செலுத்த நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். ஆகவேதான் மருந்துகளைச் சோதிக்கும் கருவிகளில் எஃகுக் குழாயும் வலிய பம்பும் இருக்கின்றன. 1970களில் 10 மைக்ரானாக இருந்த சிலிக்காத் துகள் 5, 3 எனச் சுருங்கி, 2004இல் 1.7 மைக்ரானாகியது. அத்துகளிலும் நுண்துளைகள் உண்டு. ஒரு கிராம் சிலிக்காவின் உட்பரப்பு ஏறக்குறைய 300 சதுர மீட்டர். அதாவது ஏழு சென்ட்டுக்கும் மேல். எங்கள் வீட்டு மனையே மூன்று சென்ட்தான்!

அன்றிரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா வாரச் சந்தையில் கடலை விற்பவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. விரிசலைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

"தட்டாம கொட்டுனா அப்படித்தான் கண்ணு. கடலையச் சும்மா கொட்டி அளந்தா, படி நெறஞ்ச மாதிரி இருக்கும். உள்ள பொந்து நிக்கும். வாங்குறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல?"

கீரையைப் பழித்ததை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

காலையில் முதலில் தோழியிடமும் பிறகு ஆசிரியரிடமும் உண்மையைச் சொன்னேன். தோழி, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை, மாலையில் மீண்டும் செய்யச் சொன்னார். தூளைக் குழைத்து ஊற்றினேன். தோழி பியூரெட்டைப் பிடித்துக்கொள்ள, நான் தட்டினேன். முக்கால் மணி நேரம் அதற்கே ஆயிற்று. பிறகு மஞ்சள் வளையம் கோடு போட்டாற்போல் நேராக இறங்கி வந்து, சோதனைக் குழாயில் சொட்டத் தொடங்கியது. பச்சை மேலேயே நின்றது.

நண்பர்களே, முடிவு கோணும்போது கீரையைப் பழிப்பது எளிது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் கடினம். அன்று நான் ஆறரைப் பேருந்தில்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன்.