மாத்திரை முடியட்டும் என்று காத்திருந்தோம்

எங்களுக்குக் கல்யாணமான நான்காம் வருடம் டி.பி. வந்தது. சளியில் கிருமி இருந்தது இதை எழுதுகிறவளுக்கு மட்டும்தான். ஆனால் ஆறு மாதமும் மாத்திரையை எண்ணியது இரண்டு பேரும். குழந்தையைத் தள்ளிப்போட்டதும் இரண்டு பேரும். அதனால் நாங்கள் என்றே எழுதுகிறோம்.

காசநோயைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியவர்கள். காற்று புகாத தொகுப்பு வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, குப்பை அள்ளும் வேலை, இதற்குப் பின்னால் சாதி இருக்கிறது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறோம். சொந்த நெஞ்சில் வந்ததும் வாயை மூடிக்கொண்டோம். 'காலனிக்காரங்களுக்குச் சுத்தம் கிடையாது' என்கிற பேச்சுக்கு நாமே சாட்சியாகிவிடுவோமோ என்ற பயம். வேலை பார்க்கும் இடத்தில் டைபாய்டு என்று சொன்னோம்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. மூன்றாம் நாளே அத்தை ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். சின்ன வயதில் ஊர்த்தெரு டீக்கடையில் கொட்டாங்கச்சியில் டீ வாங்கிக் குடித்தவர் அவர். டம்ளரால் டி.பி. ஒட்டாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மருந்து தொடங்கிச் சில வாரத்தில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும் என்று சொன்னோம். தலையாட்டினார். டம்ளர் மட்டும் தனியாகவே இருந்தது. டீக்கடைக்காரனோடு சண்டை போடத் தெரிந்த எங்களுக்கு அத்தையோடு சண்டை போடத் தெரியவில்லை.

அதே அத்தைதான் "எப்பம்மா பேரப்பிள்ளை?" என்றும் கேட்பார்.

சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என்று முடிவெடுத்து, கருத்தடை மாத்திரை வாங்கினோம். கொடுத்த நர்ஸிடம் டி.பி. மருந்து சாப்பிடுவதைச் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிற ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுத்துவிடும். மருந்தை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய நாலு வாரம் அந்தப் பாதிப்பு இருக்கும். ஆணுறையோ காப்பர்-டியோ போதுமாயிருந்திருக்கும். எம்.ஏ. சோசியாலஜியில் இதெல்லாம் வரவில்லை.

மூன்றாவது மாதம் நாள் தள்ளிப்போனது. பத்து நாள். ஒரு தனியார் கிளினிக்கில், "டி.பி. மருந்தா? குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைச்சிடுங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை. டி.பி. பிரிவிலிருந்து வரும் அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டுத் திட்டினார். அவரே வண்டியில் ஏற்றி அரசு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையின் மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. ஐசோனியாசிடோடு பைரிடாக்சின் என்கிற வைட்டமின் சேர்த்துக் கொடுப்பார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் கூடாது, குழந்தையின் காதைப் பாதிக்கும். மருந்துக்கு அடங்காத டி.பி. என்றால் சங்கதியே வேறு, அதற்குக் கட்டாயம் டாக்டரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மருந்தைப் பாதியில் விடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. இத்தனைக்கும் சோதனையில் கர்ப்பம் இல்லை என்றே வந்தது. நிம்மதியா வருத்தமா என்று இன்றுவரை தெரியவில்லை. வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை.

தோழர்களே, உங்கள் பகுதியில் மாத்திரை சாப்பிடும் பெண்ணைப் பார்க்கப் போனால் எடையையும் ஊட்டச்சத்துப் பணத்தையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அந்தப் பணம் 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது. அது வங்கிக் கணக்கில் விழுகிறதா என்று பார்ப்பது முக்கியம்தான். கூடவே கருத்தடைக்கு என்ன செய்கிறார், பிள்ளை வேண்டுமா என்றும் கேளுங்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் இத்தனை வருடக் களவேலையில் யாரையும் கேட்டதில்லை.

சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் ஆகிறது. எடை 44-லிருந்து 51. உடம்பு தேறட்டும் என்று மூன்று மாதம் பொறுத்து, பிறகு ஆணுறையை நிறுத்தினோம். இன்னும் நிற்கவில்லை. அடுத்த மாதம் தொடர் பரிசோதனைக்குப் போகும்போது கருக்குழாயையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டி.பி. சில பெண்களுக்கு அங்கேயும் போய் அடைத்துவிடுமாம். அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.