கைப்பேசியும் கைக்காசும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் மொழி. கைப்பேசி இல்லாத காலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் கைப்பேசியில் பணம் அனுப்பும் நமக்கென்றே இதைச் சொல்லி வைத்தார்களோ என்று தோன்றுகிறது.

எங்கள் வேலம்பாளையம் பனியன் தொழிலால் வாழும் ஊர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று எங்கள் பெற்றோர் வாரம் முழுவதும் நின்றும் குனிந்தும் உழைக்கின்றனர். சனிக்கிழமை மாலை கையில் வாங்கிய சம்பளம், இன்று பலருக்குக் கைப்பேசி வழியாகவே வந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை வந்தபின் மளிகைக் கடையிலும் பேக்கரியிலும் பூக்காரம்மாவின் கூடையிலும் க்யூ.ஆர். அட்டை இடம்பிடித்துவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்போர், ஒரு நொடியில் ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். இது பெரும் நன்மையே. ஆனால் ஒரு நொடியில் செல்லும் பணம், தவறான இடத்திற்கும் ஒரு நொடியில் சென்றுவிடும் அல்லவா?

பழைய திருடன் பூட்டை உடைத்தான். இன்றைய திருடனோ பூட்டை நம் கையாலேயே திறக்கச் செய்கிறான். அதற்கு அவனிடம் இரண்டு சாவிகள் உள்ளன. ஒன்று ஆசை, மற்றொன்று அச்சம்.

எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர், தம் பழைய தையல் இயந்திரத்தை விற்கக் கைப்பேசியில் விளம்பரம் செய்தார். பேரம் பேசாமலே வாங்கச் சம்மதித்த ஒருவன், “அட்வான்ஸ் அனுப்புகிறேன். இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்” என்றான். அக்கா போட்டார். பணம் ஏறவில்லை, ஒன்பதாயிரம் ரூபாய் இறங்கிற்று! தோழியரே, பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் தருவதாகச் சொல்லி அந்த எண்ணைக் கேட்பவன் நம் பணத்தை எடுக்கவே கேட்கிறான்.

படிக்காதவர்தாம் ஏமாறுவர் என்று எண்ணுவது தவறு. லூதியானாவில் நூல் உற்பத்திக்குப் பெயர்பெற்ற வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்ற பெரியவர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் வீடியோ அழைப்பில் அவரை மிரட்டினர். உச்சநீதிமன்ற விசாரணை போன்ற ஒரு நாடகத்தையே நடத்திக் காட்டினர். அவரிடமிருந்து 7 கோடி ரூபாய் பறிபோயிற்று. ஆனால் அவர் மறைக்கவில்லை, புகார் செய்தார். 5 கோடிக்கும் மேற்பட்ட தொகையைப் போலீசார் மீட்டனர். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்தில் இல்லை என்பதை அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று பிரதமரும் தம் வானொலி உரையில் விளக்கினார்.

ஓவர்லாக் அக்காவோ, கணவர் ஏசுவாரே என்று அஞ்சி, நான்கு நாட்கள் யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறார். அந்த நான்கு நாட்களே திருடனுக்குப் போதுமானவை. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிப்போகுமுன் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையும், வங்கிக்கு எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ அவ்வளவுக்கு நமக்குப் பாதுகாப்பு என்ற முறையிலேயே அமைந்தது. ரகசிய எண்ணை நாமே கொடுத்து ஏமாந்திருந்தாலும், தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியையே சாரும் என்று அது கூறியது.

வீட்டில் ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தாம். ஆகவே நமக்கும் கடமைகள் உண்டு. ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் வாசிக்காமல், எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்பதையும் சேர்த்து வாசிப்போம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்கவிட மாட்டோம். வங்கியின் தொலைபேசி எண்ணைப் பாஸ்புத்தகத்தில் பார்ப்போம். “உன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன்” என்போரிடம் அண்ணன்மார் சிக்காதபடி எச்சரிப்போம். திருட்டுப் பணம் அக்கணக்கில் வந்தால் போலீசார் முதலில் கேட்பது கணக்கின் சொந்தக்காரரையே.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஏமாந்தவரை ஏசாதிருப்போம். ஏச்சுக்கு அஞ்சுபவர் வாய் திறவார். வாய் திறவாத வீட்டில் திருடனுக்கே ஆதாயம்.

செக்கிங் ஆகாத பனியனைப் பெட்டியில் அடைக்க நம் ஊர்க் கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. ஒரு பனியனுக்குக் காட்டும் அக்கறையை, அதைத் தைத்துப் பெற்ற கூலிக்கும் காட்ட வேண்டாமா? பதறாமல் நிற்போம், பார்த்துக் கேட்போம், பின்னரே பொத்தானை அழுத்துவோம்!