மோட்டார் வண்டிக்கு ஏற்ற நூல்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருகவென மலராசிரியர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றி எழுதுவோமென அவர் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். யாம் எழுதப் புகுந்ததோ மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் கைந்நூல்களைப் பற்றி. இதுவும் ஒருவகை நூலாராய்ச்சியே ஆதலின், எம் துறையை விட்டு வெகுதூரம் விலகினோமல்லோம்.

எம் வீட்டு மாமரத்தின்கீழ் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கின்றது. அது தந்தையார் வைத்துச் சென்ற சொத்து. 1990இல் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அயலிலுள்ள ஏனைய வண்டிகளைப் போலவே அதுவும் மண்ணெண்ணெயில் ஓடிற்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும், பெயரிங்குகள் தேயும். அந்நிலையிலும், நள்ளிரவில் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தது அவ்வண்டியே. தந்தையார் அதனோடு போராடும்போது யாம் அருகே சென்று எட்டிப் பார்த்தால், "தம்பி, நீ போய்ப் படி. கையில எண்ணெய் படவேண்டாம்" என்பார். யாமும் போய்ப் படித்தோம். அதன் பயனாக, அவர் மறைந்தபின் வண்டியின் மூடியைத் திறந்தபோது எமக்கு அதனுள் ஒன்றும் விளங்கவில்லை.

நூலை நம்பி வாழ்பவர் நூலைத் தேடுதல் இயல்பு. கொழும்பிற் பழைய புத்தகக் கடையொன்றில் மைனர் வண்டியின் படம் பொறித்த நூலொன்றைக் கண்டு, விலை பேசாமலே வாங்கி வந்தோம். அதன் சொற்படி வால்வுகளைச் சிலிண்டர்களின் பக்கத்தே தேடினோம்; காணவில்லை. அவை மேலே, மூடியின்கீழ் இருந்தன. அந்நூல் 1948இல் வெளிவந்த முதல் மைனருக்கு உரியதென்பது பின்னரே தெரிந்தது. 1971 வரை உற்பத்தியான மைனர், பெயர் மாறாமலே எஞ்சின் பலமுறை மாறியது. அட்டைப் படத்தை நம்பி நூல் வாங்குதல் எத்தகையதென மாணவருக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றோம்!

இக்கைந்நூல்கள் மூவகைப்படும். வண்டியோடு கிடைக்கும் சிறுநூல் எண்ணெய் மாற்றவும் சில்லுக்குக் காற்றடிக்கவும் கற்பிக்கும். அதற்கு மேற் செல்லாது. இலக்கணகாரர் இதனைக் குன்றக் கூறல் என்பர். தொழிற்சாலை வெளியிட்ட பெருநூலோ கற்ற மெக்கானிக்குக்கென எழுதப்பட்டது. ஒரு சில்லின் உட்பகுதியைக் கழற்றவும் இன்ன இலக்கமுள்ள விசேட கருவியை எடுக்கவெனக் கூறும். அக்கருவிக்கு யாம் எங்கே போவது? மூன்றாவது, வீட்டில் வேலை செய்வோருக்கென எழுந்தது. ஆங்கிலேய விமானப்படையிற் பணியாற்றிய ஜோன் ஹெயின்ஸ் என்பவர் ஏடனில் இருந்த காலத்திற் பழைய ஸ்பிறைற் வண்டியொன்றைப் புதுக்கும் வேலையில் ஈடுபட்டார். தொழிற்சாலை நூல் சாதாரண மனிதருக்கு உதவாதெனக் கண்டு, கழற்றும் படிகளைப் படம் பிடித்தார். அதன்வழி 1966இல் அவரது முதற் கைந்நூல் வெளிவந்தது. எழுதுபவர் தம் கையாற் கழற்றிப் பார்த்து எழுதியமையே அவ்வரிசையின் சிறப்பு. எனினும் அவரிடத்தும் குறையுண்டு: கழற்றுவதை விரித்துரைத்துவிட்டு, பூட்டுவது அதன் எதிர்முறையே எனக் கடந்துவிடுவர். பிறேக் சூவை இழுத்துப் பிடிக்கும் சுருளிவில்லை ஒருமுறையேனும் பூட்டியவர் இதனை ஒருகாலும் ஒப்பார்.

பிரதி எடுத்து விற்கும் நூல்களை வாங்குவோர் எண்களைக் கண்ணூன்றி நோக்குக. எம் எஞ்சினில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம். பிரதியில் ஒரு சுழியம் மங்கினால் அது பத்து மடங்காகிவிடும். ஓலைச் சுவடிகளிற் புள்ளியிடாது எழுதியமையாற் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை வகுப்பிற் கூறி வந்த யாம், அப்பாட்டின் ஒரு சிறு கூற்றை அன்று அனுபவித்தோம். மின்கம்பிப் படமும் அவ்வாறே. நிறங்கள் கறுப்பாய்ப் போனபின் அப்படம் எதற்கு?

நூலொன்றை எடுத்தவுடன் யாம் இப்பொழுது முதலிற் பிரிப்பது பிறேக் அத்தியாயத்தை. எந்தத் திரவம் ஊற்றவேண்டுமென்பதோடு நில்லாமல், எஞ்சின் எண்ணெய் பட்டால் உள்ளிருக்கும் றப்பர் ஊதிப் பழுதாகுமெனக் காரணமுங் கூறுகின்றதா எனப் பார்ப்போம். காரணங் கூறாத நூலை மீண்டும் தட்டில் வைத்துவிடுவோம்.

இத்தனை எச்சரிக்கையோடு, 1956 முதல் 1971 வரையுள்ள மைனருக்குரிய நூலை வாங்கினோம். எம் எஞ்சினில், டைனமோவுக்கு மேலுள்ள தகட்டில், இலக்கம் 10 எம்.ஏ. எனத் தொடங்கியது. அது 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் என நூல் கூறிற்று. உடனே அந்நிரலிற் கண்டபடியே முன்சில்லுப் பிறேக் சூக்களை இங்கிலாந்திலிருந்து வருவித்தோம். வந்தவை 8 அங்குல ட்ரமுக்குரியவை. எம் வண்டியின் ட்ரம் 7 அங்குலம். சம்பளத்திற் பெரும்பகுதி போயிற்று. ஊரிற் கராஜ் வைத்திருக்கும் முதியவர் வந்து பார்த்துச் சிரித்தார். "மாஸ்ரர், வண்டி வேற, எஞ்சின் வேற. 62இல வந்த எஞ்சினை 59ஆம் ஆண்டு வண்டியில ஆரோ ஏத்தியிருக்கினம். புத்தகத்துக்கு அது எப்பிடித் தெரியும்?"

யார் ஏற்றினரென்பது அன்றிரவே தெரிந்தது. கருவிப் பெட்டியின் அடியில், துணியிற் சுற்றிய சீ.ஆர். கொப்பியொன்று கிடந்தது. தந்தையாரின் கையெழுத்து. 1993 சித்திரை: "மண்ணெண்ணெயால் எஞ்சின் முடிந்தது. உடைந்த காரிலிருந்து வேறு எஞ்சின் போட்டது. பிறேக் பழையதுதான். மெள்ள ஓடவும்." எவருக்காக அவ்வெச்சரிக்கையை எழுதினாரோ அறியோம், அவ்வண்டியை அன்று அவரையன்றி வேறெவரும் ஓட்டியதில்லை. 1995 ஐப்பசியில் "சாவகச்சேரி" என்ற ஒரு சொல் மட்டும். அதன்பின் பல பக்கங்கள் வெறுமை. பின்னர் 1999இல் ஒரு வரி: "தம்பிக்குச் சோதனை. இரைச்சல் என்று வண்டி ஸ்ராட் பண்ணவில்லை."

அவ்வரியை யாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிழமை 7 அங்குலத்துக்குரிய சூக்கள் கிடைத்தன. விளக்குப் பிடித்தவள் எம் மகள். அவள் கைகளிலும் கரி எண்ணெய் படிந்தது. போய்ப் படியென யாம் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கொப்பியை அவளிடம் நீட்டினோம். தன் பாட்டனாரின் கடைசி வரிக்குக் கீழே திகதியிட்டு, "முன் பிறேக் சூ மாற்றியது, 7 அங்குலம்" என்று எழுதினாள். பக்கத்தின் ஓரத்தில் அவளது பெருவிரல் அடையாளமும் விழுந்துவிட்டது.