இயற்கையும் இருட்டறையும்

இயற்கையைப் படம்பிடிப்பவன் கண்டதைக் கண்டவாறே காட்டுதல் வேண்டும். அதிற் கைவைப்பது கலையன்று, கள்ளமே என்னும் கருத்துப் பலரிடம் வேரூன்றியுள்ளது. ஒளிப்படக்கலையின் வரலாற்றை நோக்குமிடத்து, இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற ஐயம் எழாமற் போகாது.

ஒளிப்படக்கருவி மனிதக் கண்ணன்று. கண் கடலையும் வானையும் ஒருங்கே காணும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் படத்தகடோ நீல ஒளியை மிகையாக ஏற்றது. கடல் தெளிவாகப் பதியும்வரை ஒளியை விட்டால், வானம் வெளிறி முகில்கள் மறைந்தன. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிறே 1850களின் பிற்பகுதியில் கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரு தகடுகளை எடுத்து, அவற்றை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். கைபடாத படத்தினும் கைபட்ட படமே கண் கண்ட காட்சிக்கு அண்மித்ததாயிற்று.

1941இல் அமெரிக்கரான அன்செல் அடம்ஸ், நியூ மெக்சிக்கோவின் ஏர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மீது நிலவெழுந்த காட்சியைப் படமாக்கினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு அளவை நினைவிற் கொண்டே கணக்கிட்டார். அடுத்த படத்தை எடுக்குமுன் கல்லறைச் சிலுவைகளின்மீது கிடந்த வெயில் அகன்றுவிட்டது. ஆயின் இருட்டறையில் அப்படம் பல ஆண்டுகள் வளர்ந்தது. தொடக்க அச்சுக்களில் வெளிறிய முகில்கள் தெரியும் வானம், பிற்கால அச்சுக்களில் ஏறத்தாழக் கருமையே ஆயிற்று. இளமையிற் பியானோ பயின்ற அடம்ஸ், நெகற்றிவை இசைக்குறிப்புக்கும் அச்சை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். ஒரே கீர்த்தனை பாடுவோர்க்கேற்ப வேறுபடுவதை அறிந்த நமக்கு இவ்வுவமை புதிதன்று. நம் நாட்டின் லயனல் வென்ற்றும் (1900-1944) பியானோக் கலைஞரே. இருட்டறை உத்திகளைத் துணிவுடன் கையாண்டவரே.

அங்ஙனமாயின் எல்லையே இல்லையா? உண்டு. 1982 பெப்ரவரியில் ‘நஷனல் ஜியோகிரபிக்’ இதழ், தன் அட்டையின் வடிவுக்கேற்பக் கீசாப் பிரமிட்டுகளைக் கணினியால் நெருக்கிவைத்துக் கண்டனத்துக்கு ஆளாயிற்று. அடம்ஸ் வானை இருளாக்கியதைவிட இது பெரிய மாற்றம் என்பதன்று குற்றம். அவ்விதழ் உலகை உள்ளவாறு காட்டும் சான்றாக வாசகரால் நம்பப்பட்டது, அந்நம்பிக்கையே பிழைத்தது.

1998இல் கடல் வெப்பமேறியமையால் இக்கடுவைப் பவளப் பாறைகள் வெளிறின. அத்தகைய பாறையின் படத்துக்கு இன்றைய கணினியில் நிறமூட்டுவது சில நொடி வேலையே. ஓவியமெனக் காட்டினால் அது ஒருவரின் ஏக்கம். கடலின் நிலையெனக் காட்டினால் நோயாளியின் முகத்துக்குப் பூசிய அரிதாரம். முன்னது கலை, பின்னது மருத்துவனையே ஏமாற்றுவது. ஆகவே, கைபட்டதா என்பதன்று வினா. எதன் பெயரால் அப்படம் நம்முன் வைக்கப்படுகின்றது என்பதே வினாவாகும்.