மெதுவான நாவலுக்குக் கறாரான கடிகாரம்

மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம், அதில் வாழும் முதியவர்கள், அவர்களுடைய ஒரு நாள். இதை வைத்து நாவல் எழுதிவருகிறேன். கொலை இல்லை, காதல் இல்லை, சொத்துத் தகராறுகூட இல்லை. கதை நகராத இடத்தில் வாசகரை எது பிடித்துவைக்கும்?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல விடை, 2024இல் புக்கர் பரிசு பெற்ற சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், 24 மணி நேரம், அவ்வளவுதான். நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் 16 சூரியோதயம். அத்தியாயங்களும் அந்தச் சுற்றுக் கணக்கில்தான் செல்கின்றன. ஆறு பேரில் ஒருத்தியின் தாய் ஜப்பானில் இறந்துபோகிறாள். பிலிப்பைன்ஸை நோக்கிச் சூறாவளி போகிறது. இரண்டிலும் அவர்கள் கையால் ஆவது ஒன்றுமில்லை.

ஆனாலும் நாவல் தொய்வதில்லை. காரணம், அவர்களுக்கு ஓயாத வேலை. எடையில்லாத இடத்தில் எலும்பு மெலியும், தசை கரையும். அதனால் தினமும் உடற்பயிற்சி. சோதனை எலிகளைக் கவனிக்க வேண்டும். சிந்தனை இந்த வேலைகளின் இடுக்கில்தான் வருகிறது. ஒரு பாத்திரத்தைச் சும்மா உட்காரவைத்து யோசிக்கவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே உரைநடை செத்துவிடும்.

வேலையின் வழியே மனதைச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. அசோகமித்திரன் ‘தண்ணீர்’ நாவலில் நாயகி ஜமுனாவின் துயரத்தைத் தனியே எடுத்துவைத்துச் சொல்லவில்லை, தண்ணீருக்கு அலையும் அலைச்சலோடு சேர்த்தே சொன்னார்.

என் நாவலுக்கும் குழாயில் தண்ணீர் வரும் நேரம், மாத்திரை வேளை, மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயில் நடை திறக்கும் நேரம் எல்லாம் எழுதி மேஜைமேல் ஒட்டியிருக்கிறேன். நாவலில் ஒரு பாட்டி பூத் தொடுக்கிறாள். பூ தீர்ந்ததும் அவள் நினைவும் நிற்க வேண்டும்; அதற்குமேல் ஒரு வரி எழுத எனக்கு உரிமை இல்லை.

‘ஆர்பிட்டல்’ போல ஒன்று தமிழிலும் வரலாம். இந்தியா மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் சுபான்ஷு சுக்லா 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்த் திரும்பிவிட்டார். இன்னொருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுற்றுப்பாதையில் ஒரு தமிழ் மனம் என்ன நினைக்கும் என்பதை இளைய எழுத்தாளர்கள் யாராவது எழுதுங்கள். எழுத உட்காரும் முன், விண்வெளி வீரரின் ஒருநாள் வேலைப் பட்டியலைத் தேடிப் படித்துவிடுங்கள்.