பங்குமனை முற்றத்துப் புல்



பங்குமனையின் முன்முற்றத்துப் புற்றரையைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். "சுவாமி, எந்த நிறுவனத்தைக் கொண்டு செய்வித்தீர்கள்? எவ்வளவு முடிந்தது?" என்று சென்ற ஞாயிறு மட்டும் மூவர் விசாரித்தனர். நிறுவனம் எதுவும் செய்யவில்லை. அந்தப் புல்லுக்கு ஒரு முன்கதை உண்டு; அதில் நான் நல்லவிதமாகத் தோன்றவில்லை. பாதிக் கதையைச் சொல்லி உங்களை அனுப்பிவைப்பது நேர்மையாகாது என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு யூலையில் எனது குருத்துவ வாழ்வின் 35ஆவது ஆண்டு நிறைவடைந்தது. எட்டாம் திகதி சனிக்கிழமை மாலை பங்குமனை முற்றத்தில் கூடாரம் அமைத்து விருந்து வைப்பதென நீங்கள் தீர்மானித்தீர்கள். அந்த வசந்தகாலம் முழுவதும் நான் புதுக்குடித்தனக்காரனைப்போல் வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். படிக்கட்டின் கைப்பிடியை மாற்றினேன். சமையலறைச் சுவரின் வெடிப்புகளை அடைத்து, தேய்த்து, வர்ணம் பூசினேன். ஒழுகிய குழாயின் உள்ளே இருக்கும் சிறு இறப்பர் வளையத்தை மாற்றுவதற்கு மூன்று தடவை கடைக்குப் போய்வந்தேன். மெய்யியலும் இறையியலும் கற்றவனுக்கு ஒழுகாத ஒரு குழாய் தருகின்ற பெருமிதம் இருக்கிறதே, அது குடும்பத்தவர்களுக்கு விளங்காது. பாராட்டுவதற்கு வீட்டில் வேறு எவரும் இல்லாமையால் தன்னைத்தானே பாராட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எஞ்சியிருந்தது முன்முற்றம். ஏறத்தாழ 1,300 சதுர அடி. பாதி மஞ்சட்பூக் களை. மீதி வெறும் களிமண்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் பிறந்த மண்ணில் முற்றத்தில் புல் வளர்ப்பார் இல்லை. அதிகாலையில் கூட்டி, தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றின் கோடு தெரியும்படி வைத்திருப்பதே வீட்டின் இலட்சணம். முற்றத்தில் புல் முளைத்தால் அங்கே ஆள் இல்லை என்பது பொருள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு நாம் திரும்பி வந்தபோது, மாரி மழைக்கு வளர்ந்து வெயிலுக்குக் காய்ந்த புல் முழங்காலளவு உயரத்தில் முற்றங்களில் நின்றது. எத்தனையோ பேர் படலைக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் அழுதார்கள். உடைந்த கூரையைப் பார்த்த பின்னரன்று. அத்தகைய நாம் இந்த நாட்டில் முற்றத்தில் புல் இல்லாவிட்டால் அயலவர் என்ன நினைப்பாரோ என்று வெட்கப்படுகிறோம்.

யூன் மாத ஞாயிறொன்றில், பூசை முடிந்தபின், எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் முற்றத்துக்கு வந்தார். தம் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். யாரென்று உங்களில் பாதிப்பேர் அறிவீர்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். சிறுவயதில் துலா மிதித்தவர். இங்கு மகனுடன் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் வாழ்கிறார். என்னிடம் ஒரு திருப்புளி கேட்டு வாங்கி, குனிந்து, அதை நிலத்தில் அழுத்தினார். இரண்டு விரற்கடைக்குமேல் அது இறங்கவில்லை.

"சுவாமி, சொன்னால் கோவிக்கக் கூடாது. புல்லைப் பிறகு பாப்பம். முதல் மண்ணைப் பாப்பம். செப்ரெம்பர் மட்டும் பொறுத்தால் நல்லது."

"நல்லது ஐயா" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று மாலையே 130 சுருள் புல்விரிப்புக்குக் கட்டளை கொடுத்தேன்.

சொட் என்று நாம் அழைக்கும் இந்தப் புல்விரிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தால் என் மடமையின் அளவும் விளங்கும். பண்ணையில் ஓராண்டுக்கு மேலாக வளர்த்த புல்லை ஒரு இயந்திரம் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த மண்ணோடு சீவி எடுத்துச் சுருட்டுகிறது. இப்பகுதியில் கிடைப்பது பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸ். பெயர்தான் அமெரிக்கா, பூர்வீகம் ஐரோப்பாவும் ஆசியாவும். நம்மைப்போலவே வந்தேறி. நிலத்தடித் தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதாலேயே அது பாய்போல் சுருள்கிறது. ஆனால் சீவும்போது வேரின் பெரும்பகுதி பண்ணை நிலத்திலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது முழுப் பச்சையும் கால்வாசி வேரும். சுருளுக்குள் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பதால் கோடையில் உள்ளே வெப்பம் ஏறும். வெட்டிய 24 மணித்தியாலத்துக்குள் விரித்துவிடவேண்டும். விரித்தவுடன் நீர் வேண்டும். வேர் இறங்கும்வரை எவரும் அதன்மீது நடக்கக்கூடாது.

நான் செய்தவை இவை. பழைய களையை மேலோடு செதுக்கி, களிமண்ணின்மேல் ஓர் அங்குலம் மேல்மண் தூவினேன். யூலை ஐந்தாம் திகதி லொறி வந்தது. உதவிக்கு வந்த இளைஞர்கள் இருட்டும்வரை பாதியை விரித்தனர். மறுபாதி மரத்தட்டில் அடுக்கியபடியே இரவும் மறுநாள் பகலும் கிடந்தது. ஆறாம் திகதி மாலை அவற்றை எடுத்தபோது நடுச் சுருள்கள் கைக்குச் சூடாக இருந்தன. அதை ஒரு வியப்பாக மட்டும் எடுத்துக்கொண்டேன். வெள்ளியும் சனியும் நீர் ஊற்றவில்லை. ஏனென்றால் விருந்தினரின் பாதணி நனைந்துவிடும் அல்லவா? சனிக்கிழமை அதன்மேல் கூடாரம், நாற்காலிகள், நூற்றுக்கு மேற்பட்ட கால்கள்.

படங்களில் எல்லாம் பச்சைப்பசேலென்று இருக்கிறது. முகநூலில் நீங்களே பகிர்ந்தீர்கள்.

எட்டு நாள் கழித்து, யூலை 16, ஞாயிறு. அன்றைய நற்செய்தி மத்தேயு எழுதிய விதைப்பவர் உவமை. பாறைநிலத்தில் மண் ஆழமில்லாமல் முளைத்துக் கருகிய விதையைப் பற்றி மூன்று பூசைகளிலும் நான் மறையுரை ஆற்றினேன். கோவில் வாசலிலிருந்து நாற்பது அடி தூரத்தில் என் முற்றம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. ஆனால் அதுவே உண்மை. நான் அப்போது கோபத்தில் இருந்தேன்.

கோபம் புல் விற்றவர்கள்மேல். பங்குமன்றக் கூட்டத்தில், "பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று சொன்னேன். பங்குப் பணத்தில் ஏறத்தாழ 900 டொலர் போயிருந்தது. யாராவது பொறுப்பாளியாக வேண்டியிருந்தது. என் சொல்லை நம்பிய ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், இணையத்தில் அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் இட்டுக் காரசாரமாக எழுதிவிட்டார். அதை எனக்குக் காட்டவும் செய்தார். நான் தடுக்கவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் பெரியவர் வந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு விரிப்பின் மூலையைப் பிடித்துத் தூக்கினார். பாயைப்போல அது எழும்பி வந்தது. அடியிலிருந்த மண் வழுவழுப்பாக, ஒரு வேர்கூடத் தொடாமல் இருந்தது. இன்னொன்றைத் தூக்கினார், அதுவும் அப்படியே. "இது புல்லின்ரை பிழை இல்லை, சுவாமி" என்றார். மூலையை மெதுவாகத் திரும்ப வைத்தார், உயிருள்ளதை வைப்பதுபோல.

அவர் போனபின் நெடுநேரம் வெளியே நின்றேன். பிறர்மீது பொய்ச்சான்று சொல்வதைப் பற்றி எத்தனை சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்திருக்கிறேன்!

மறுநாள் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். குடும்பமாக நடத்தும் சிறு வியாபாரம். நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, எத்தனை மணித்தியாலம் சுருளில் கிடந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. இணையத்தில் எழுதியவர் என் வேண்டுகோளின்படி அன்றே அதை நீக்கினார். ஆனால் இடையில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ! அடுத்த பங்குமன்றக் கூட்டத்தில் பிழை என்னுடையது என்று அறிவித்து, 900 டொலரையும் தவணையில் திருப்பிச் செலுத்தினேன். சிலர் வேண்டாம் என்று தடுத்தீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் அது உண்டியலில் விழுந்த பணம்.

இரண்டாம் முறை எப்படிச் செய்தோம் என்பதே கேட்டவர்களுக்குப் பயன்படும். பொறுப்பைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது நிலத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பதை. ஒன்ராறியோவில் தோண்டுமுன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவிக்கவேண்டும், கட்டணம் இல்லை. வந்து அடையாளம் இட்டுச் செல்வார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிநீர். எங்கள் முற்றத்தின் குறுக்கே ஒரு மஞ்சட்கோடு ஓடுவதைக் கண்டபோது, யூலையில் நான் ஆழமாகக் கொத்தாமல் விட்ட சோம்பலுக்காக ஒரே ஒருமுறை நன்றி சொன்னேன்.

ஓகஸ்ட் கடைசியில் செத்த விரிப்புகளை அகற்றி, மண் கிளறும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஆறங்குலம் கிளறினோம். மஞ்சட்கோட்டின் அருகில் மட்டும் கையால். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வாகனங்கள் ஓடி இறுகிய களிமண்ணையே நமக்கு விட்டுச்செல்கிறார்கள் என்பதைக் கட்டட வேலை செய்யும் நம் இளைஞர் ஒருவர் விளக்கினார். முற்றம் வீட்டுச் சுவரை நோக்கிச் சரிந்திருப்பதைக் காட்டியவரும் அவரே. நிலவறை அலுவலகத்தின் ஈரவாடைக்குக் காரணம் அதுதான். நானோ இரண்டாண்டுகளாக ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்து வெளிநோக்கி முதல் பத்தடியில் ஆறங்குலம் சரியுமாறு மண்ணைத் திருத்தினோம்.

பின்பு மக்கிய எருவை இரண்டங்குலம் பரப்பிக் கலந்தோம். ஊரில் பூவரசங்குழையைத் தாழ்த்துவதுபோல் என்றார் பெரியவர். இங்கு பூவரசுக்கு எங்கே போவது? மேல்மண் இட்டு, வாரியால் மட்டம் பார்த்து, நடைபாதையின் விளிம்பைவிட ஓரங்குலம் தாழ்வாக விட்டோம். அந்த ஓரங்குலத்தில்தான் புல்விரிப்பு உட்காரும். நீர் ஊற்றி ஒருவாரம் படியவிட்டோம். எனக்கு அந்த வாரம் நீளமானது. மண் வெறுமையாகக் கிடந்தது. வழியால் போனவர்கள் பார்த்தார்கள்.

செப்ரெம்பர் 16, சனிக்கிழமை. அதே கடையில்தான் வாங்கினோம். காலை ஏழு மணிக்கு லொறி வந்தது. பிற்பகல் இரண்டுக்குள் கடைசிச் சுருளும் நிலத்தில். நேரான நடைபாதை ஓரத்தில் தொடங்கி, செங்கல் அடுக்குவதுபோல் பொருத்துகள் மாறிமாறி வரவும், ஓரங்கள் இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டவும் விரித்தோம். நிறைய விரித்துவிட்டு நீர் ஊற்றாமல், ஒரு பகுதி முடிந்ததும் ஒருவர் நீர்க்குழாயோடு பின்னால் வந்தார். பெரியவர் பலகையொன்றின்மேல் முழங்காலூன்றி, மூட்டுகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். இடையில் நிமிர்ந்து தம் கைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐம்பது வருசம் புல்லுப் புடுங்கின கை, சுவாமி. இப்ப புல்லு நடுது."

கடைசியாக மண்ணைத் தொட்டுப் பதினொரு வருடம் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் அவர் நாள்தோறும் பேருந்தில் வந்தார். ஒரு மூலையைத் தூக்கி, அடிமண்ணை விரலால் நசித்துப் பார்த்து, அன்றைக்கு எவ்வளவு நீர் என்று தீர்மானிப்பார். இறைப்புக்காரனின் கண் அது. என் கைத்தொலைபேசியின் மணி அடிப்பதை அவர் மதிக்கவேயில்லை. பதினோராம் நாள் மூலையைப் பிடித்தார், வரவில்லை. "நீங்கள் இழுத்துப் பாருங்கோ" என்றார். நானும் குனிந்து இழுத்தேன். நிலம் அதை விடவில்லை. அதன்பின் நாள்தோறும் ஊற்றுவதை நிறுத்தி, வாரத்துக்கு இருமுறை ஆழமாக ஊற்றச் சொன்னார். மேல் காய்ந்தால்தான் வேர் நீரைத் தேடிக் கீழே போகுமாம். மூன்றாம் வாரம் முதல்முறை வெட்டினோம். மூன்றங்குலத்துக்குக் கீழே வெட்டவேண்டாம். ஒரு தடவையில் மூன்றிலொன்றுக்குமேல் எடுக்கவேண்டாம்.

இதுதான் நீங்கள் காணும் புற்றரை. உங்கள் வீட்டுக்கும் அனுப்பச் சொன்னவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் முதலில் திருப்புளியோடு வருவார் என்று எச்சரித்து வைக்கிறேன்.

சென்ற மாதம் அவர் தயங்கித்தயங்கி ஒரு கோரிக்கை வைத்தார். "சுவாமி, தெற்குச் சுவரோரம் நாலடி தாங்கோவன். பச்சைமிளகாய் வைக்க." நாம் பாடுபட்டு நட்ட புல்லில் நாலடி அகலத்துக்குச் சீவி எடுத்தோம். எடுத்ததைக் குப்பைத் தொட்டிகளின் அருகிலிருந்த வெற்றிடத்தில் பதித்தோம், அங்கும் பிடித்துவிட்டது. மிளகாய்க் கன்றுகள் இப்போது ஒன்பதாம் தளத்து யன்னலோரம் பதினேழு தயிர்க் குவளைகளில் நிற்கின்றன. விக்ரோரியா தின விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நடுகிறோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவரவும். பங்குமனையில் இருப்பதன் பிடியை நானே திருத்தியிருக்கிறேன். அதை நம்பி வரவேண்டாம்.